கெர்னலுக்குத் தலைமை, முன்னிலை

கால் தட்டுதா அண்ணாச்சி? இப்படி நீட்டிக்கிடுங்க. சாக்குக்குள்ள இருக்கிறது கம்ப்யூட்டர் பெட்டி. கண்டக்டர் கிரைண்டரான்னு கேட்டாரு. மேல இருக்கிறது மக்ரூன் பலகார டப்பா, அதை மட்டும் பாத்துக்கிடுங்க. அமுங்குனா மாவாப் போயிரும். நாகர்கோவில்ல ஒரு புள்ளைக்குக் கொண்டுபோறேன். எனக்குக் கீழ வேலை பாத்த புள்ள. கீழன்னா, பக்கத்து சீட்டு.

பேப்பரை அப்புறம் படிக்கலாம் அண்ணாச்சி. அதுல என்ன இருக்கப் போவுது. நான் சொல்லுதேன், கேளுங்க. என் நிலைமை யாருக்கும் வரப்படாது.

நான் பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்ல கம்ப்யூட்டர் லேப் பாத்துக்கிடுதேன். எட்டு வருசமா. எட்டு வருசமும் தற்காலிகம். ஜூன் மாசம் ஜூன் மாசம் புது அடையாள அட்டை கொடுப்பாவ. அதுல என் பேரு எறும்பு மாதிரி சின்னதா இருக்கும், ‘தற்காலிகம்’கிறது மட்டும் சிகப்புல கொட்டை எழுத்துல இருக்கும். என் மாமனார் வீட்டுக்குப் போகும்போது அட்டையை உள்சட்டைக்குள்ள போட்டுக்கிடுவேன். இந்த வருசம் ஒரே ஒரு நிரந்தர இடம் வந்துச்சு. ஆளு ரெண்டு. ஒண்ணு நான். இன்னொண்ணு அந்தப் புள்ள, ஜெர்லின். அது வந்து ரெண்டு வருசம்தான் ஆவுது. அப்ப நியாயமா யாருக்குக் கிடைக்கணும்? நீங்களே சொல்லுங்க. சரி, பிறகு சொல்லுங்க.

எங்க லேப்ல நாப்பது மெஷின். எல்லாம் கிழடு. புது சிஸ்டம் போட்டா மூச்சு இளைக்கும். ஒரு பக்கம் திறக்குறதுக்குள்ள பையன்கள் டீ குடிச்சுட்டு வந்துருவானுவ. புதுசு வாங்கித் தாங்கன்னு கேட்டா தாளாளர் கூரையைப் பாப்பாரு. அப்பதான் நாங்க ஒரு காரியம் பண்ணினோம். சொந்தமா கெர்னல் கட்டினோம்.

கெர்னல்னா என்னன்னு கேப்பீங்க. இந்த பஸ்ஸையே எடுத்துக்கிடுங்க. சீட்டு இருக்கு, டிவி இருக்கு, பெயின்டு இருக்கு. அதெல்லாம் பயணிக்கு. அடியில எஞ்சின் ஒண்ணு கிடக்குல்லா, அதுதான் கெர்னல். உலகம் பூரா இலவசமாக் கொடுக்கிறான், யாரும் எடுத்து, வேண்டாததைக் கழிச்சுட்டு நமக்குத் தக்கன கட்டிக்கிடலாம். எங்க மெஷினுக்கு எது தேவையோ அதை மட்டும் வச்சுக் கட்டினோம். குமரிப்புள்ள மாதிரி ஓடுச்சு பாத்துக்கிடுங்க, அந்தக் கிழட்டு மெஷின்.

கட்டினோம்னா, டைப் அடிச்சது ஜெர்லின். நான் பக்கத்துல நின்னு சொன்னேன். அதை எடு, இதை எடு, அது எதுக்கு, இது என்னன்னு. டைப் அடிக்கிறது பெரிய காரியமா? விரல் இருந்தாப் போதும். மூளை வேணுமே. அந்தப் புள்ள சில சமயம், “அண்ணே, அதை எடுத்தா ஸ்கிரீன் வராது”ன்னு சொல்லும். சரி, விட்டுருன்னு பெருந்தன்மையா விட்டுருவேன்.

இப்ப விசயத்துக்கு வாரேன். கெர்னலுக்கு ஒரு பதிப்பு நம்பர் இருக்கும். எங்களுது ஆறு புள்ளி ஒண்ணு புள்ளி இருவது. அதுக்குப் பின்னால ஒரு கோடு போட்டு, கட்டுறவன் இஷ்டத்துக்கு ஒரு பேரு ஒட்டிக்கிடலாம். மெஷின் எந்திரிக்கும்போது அந்தப் பேரு ஸ்கிரீன்ல வரும். ஜெர்லின் ஒண்ணும் ஒட்டாம மொட்டையா வச்சிருந்தா. நான்தான் சொன்னேன், பேரு இல்லாம ஒரு பொருளா, ஒரு பேரு வைப்போம்னு. எனக்காக இல்ல. நான் பேருக்கு அலையுற ஆளு இல்ல அண்ணாச்சி, அது என்னைத் தெரிஞ்ச எல்லாருக்கும் தெரியும். ஒரு மங்களத்துக்குத்தான்.

என்ன பேரு வைக்கன்னு கேக்குறதுக்கு நேரே தாளாளர் ரூம்புக்குப் போனேன். அங்கதான் தப்பு நடந்துச்சு. தப்பு என்னுது இல்ல, நேரத்தோடது.

தாளாளர் பேரு பொன்னுலிங்கம். எல்லாத்தையும் கேட்டுட்டு, “நாப்பது மெஷின்லயும் வருமா?”ன்னாரு. வரும்யான்னேன். “தினமும் வருமா?” ஒவ்வொரு தடவை மெஷின் போடும்போதும் வரும்யான்னேன். மனுசன் நாற்காலியில கொஞ்சம் நிமிந்து உக்காந்தாரு. “அப்ப ‘தலைமை: திரு. கே. பொன்னுலிங்கம்’னு போட்டுரு”ன்னாரு. இங்கிலீஷ் எழுத்துலதான் ஐயா போடணும்னேன். “எதுலயாவது போடு, திருவை விட்டுராத”ன்னாரு.

சரின்னு வந்து ஜெர்லின்கிட்ட சொன்னேன். அந்தப் புள்ள என் மூஞ்சியையே பாத்துச்சு. “அண்ணே, கெர்னலுக்கு எதுக்கு அண்ணே தலைமை?”ன்னா. உனக்கு நிர்வாகம் தெரியாது, நீ டைப் அடின்னேன். அடிச்சா. கெர்னல் கட்டி முடிய ரெண்டு மணி நேரம் ஓடுச்சு. மறுநாள் நாப்பது ஸ்கிரீன்லயும் தாளாளர் எந்திரிச்சாரு. அவரே வந்து ஒவ்வொரு மெஷினா போட்டு அணைச்சுப் போட்டுப் பாத்தாரு. அன்னைக்கு நிரந்தரம் என் சட்டைப் பையில கிடந்த மாதிரி இருந்துச்சு.

மூணு நாள்தான். செயலாளர் வந்துட்டாரு. கனகசபாபதி. தாளாளருக்கு மச்சினன். காலேஜ் இடத்துல பாதி அவரு பேருல இருக்கு. லேப்புக்குள்ள வந்தாரு, ஒரு மெஷினைப் போடச் சொன்னாரு, பாத்தாரு. வாசல்ல செருப்பை மாட்டிக்கிட்டே, “ஏம்பா, ஒரு நோட்டீஸ்ல தலைமைன்னு ஒருத்தர் இருந்தா முன்னிலைன்னு ஒருத்தர் இருப்பாருல்லா?”ன்னாரு. அம்புட்டுதான். நிரந்தர ஆர்டர்ல கையெழுத்துப் போடுறது தாளாளர். அதை எடுத்து அவரு முன்னால நீட்டுறது செயலாளர்.

முன்னிலையையும் சேத்துப் போடச் சொன்னேன். கெர்னல் கட்ட மாட்டேன்னுட்டு. பேரு நீளம் கூடிப் போச்சாம். நம்பர்ல இருந்து கடைசி வரைக்கும் மொத்தம் அறுபத்துநாலு எழுத்துக்கு மேல போகப்படாதாம். ஜெர்லின் எண்ணிப் பாத்தா. அறுபத்தொம்போது. அஞ்செழுத்து கூடுது. ஒரு ஆளோட திருவையும் அதுக்குப் பக்கத்துல உள்ள புள்ளியையும் எடுத்தா ஆறெழுத்து குறையும், அம்சமா உக்காந்துரும்.

யாரோட திருவை எடுக்க?

சிரிக்காதீங்க அண்ணாச்சி. எனக்கு மூணு நாள் சோறு இறங்கலை. தாளாளர்கிட்டப் போய்ச் சொன்னா, “முன்னிலைக்கு எதுக்குடா திரு, அவன் என் மச்சினன்தான”ங்காரு. செயலாளர்கிட்டப் போனா, “தலைமைங்கிறதே மரியாதைதான, அதுக்கு மேல ஒரு திருவா”ங்காரு. ரெண்டு பேரு திருவையும் எடுத்துரலாம்னு ஒரு நாள் எடுத்தேன். ரெண்டு பேரும் ஒரே கார்ல வந்து ஏசிட்டுப் போனாவ. அதுக்கு முன்ன அவிய ஒண்ணா ஒரே கார்ல வந்து நான் பாத்ததே இல்ல.

நடுவுல எத்தனை மாத்தம்னு நினைக்கீங்க. தலைமைங்கிறதுக்கு இங்கிலீஷ் வார்த்தையைப் போட்டுப் பாத்தோம். இனிஷியலை எடுத்துப் பாத்தோம், “எங்கப்பாவை எடுத்துட்டியா?”ன்னு செயலாளர் கேட்டாரு. ஒவ்வொரு தடவையும் ஜெர்லின் மறுபடி கட்டணும், ஒவ்வொரு தடவையும் ரெண்டு மணி நேரம். அதுல இன்னொரு தொல்லை வேற. இந்த மவுசு, நெட்டு இதையெல்லாம் ஓட்டுற துண்டு துண்டு நிரல்கள் எல்லாம் கெர்னல் பேருல ஒரு ரூம்புல இருக்குமாம். பேரை மாத்தினா அந்த ரூம்பையும் புதுப் பேருல கட்டணுமாம். ஒவ்வொரு தடவையும் அதை எனக்கு விளக்கிச் சொல்லுவா. “அண்ணே, பேரை மட்டும் மாத்தினாப் பத்தாது, இதையும் செய்யணும், பாத்துக்கிடுங்க”ன்னு. நானும் தலையை ஆட்டுவேன். என் மனசுல திரு ஓடிக்கிட்டிருக்கு, ரூம்பு எங்க ஏறும்.

கடைசியில அந்தப் புள்ளதான் வழி சொல்லிச்சு. “அண்ணே, மெஷின் நாப்பது இருக்குல்லா. இருவதுல இவருக்குத் திரு வைப்போம், இருவதுல அவருக்குத் திரு வைப்போம்”னா. நான் அப்படியே அசந்துட்டேன். என்கூட இருந்து இருந்து அதுக்கும் நிர்வாகம் வந்துருச்சு பாருங்க. ஜன்னல் பக்கம் தாளாளர் திரு, சுவர் பக்கம் செயலாளர் திரு. ரெண்டு பேருக்கும் சம்மதம். நான்தான் இந்த யோசனையைச் சொன்னேன்னு ரெண்டு பேர்கிட்டயும் தனித்தனியாச் சொல்லி வச்சேன். அந்தப் புள்ளைக்குப் பேசத் தெரியாது, அதுக்காகத்தான்.

அப்ப ஆய்வுக்குழு வந்துச்சு. காலேஜுக்குத் தரம் போடுறதுக்கு வருவாவல்லா, அது. அவிய பாத்து நல்லா எழுதிட்டா அந்த ஒரு இடத்தை அன்னைக்கே லேப்புக்குக் கொடுத்துருதேன்னு தாளாளர் எல்லாரு முன்னாலயும் சொல்லிட்டாரு. லேப்புன்னா நான்தான. புதுச் சட்டை எடுத்தேன். ஜெர்லினை வாசல்ல பன்னீர்ச் செம்போட நிப்பாட்டினேன். வாரவங்களுக்குத் தெளிக்கணும், சந்தனம் நீட்டணும், கல்கண்டு கொடுக்கணும், பொம்பளைப்புள்ள நின்னாத்தான் லட்சணம். “அண்ணே, மெஷின்ல ஏதாவது கேட்டா?”ன்னா. நான் இருக்கேன்லா, நீ கல்கண்டைப் பாருன்னேன்.

குழுவுக்குத் தலைவி ஒரு மேடம். நாகர்கோவில்காரங்க. நம்மளை மாதிரி எளிமை, ரப்பர் செருப்பு. லேப்புக்குள்ள வந்த உடனே தாளாளர் ஜன்னல் பக்கம் கையைக் காட்டுறாரு, செயலாளர் சுவர் பக்கம் கையைக் காட்டுறாரு. அந்தம்மா ரெண்டு பேரையும் பாத்துட்டு, யாரும் காட்டாத ஒரு மெஷின் மூலையில கிடந்துச்சு, அதுல போய் உக்காந்தாவ. போட்டாவ. பேரு வந்துச்சு. வாய்விட்டு வாசிச்சாவ. தலைமை, திரு, முன்னிலைன்னு. வாசிச்சுட்டு, “இது கெர்னலா, திறப்புவிழா நோட்டீஸா?”ன்னு கேட்டாவ. தாளாளர் அதைப் பாராட்டுன்னு நினைச்சு, “எல்லாம் உங்க ஆசீர்வாதம்”னாரு.

பிறகு அந்தம்மா என்னமோ ரெண்டு எழுத்துத் தட்டினாவ. அதே பேரு மறுபடி வந்துச்சு, இந்தத் தடவை முழு வரியா. பேருக்குப் பின்னால ஒரு அடைப்புக்குறி. அதுக்குள்ள ஒரு பேரு. வரிக்கடைசியில பதினேழுன்னு ஒரு நம்பர்.

“ஜெர்லின் யாரு?”ன்னாவ.

அண்ணாச்சி, கெர்னலை எந்த ஆளு கட்டுறாங்களோ அந்த ஆளோட பேரை அதுவே எழுதி வச்சுக்கிடும். எத்தனாவது தடவை கட்டினதுன்னும் எழுதிக்கிடும். யாரும் கேக்க வேண்டாம், யாரும் வைக்க வேண்டாம். எனக்கு அது தெரியாதுன்னு நினைச்சுராதீங்க. தெரியும். அந்த நேரத்துல ஞாபகம் இல்ல. நாங்க ஒரு மாசமா அறுபத்துநாலு எழுத்துக்கு அடிச்சுக்கிட்டுக் கிடக்கோம், அந்தப் புள்ள பேரு அதுக்குப் பக்கத்துல சத்தமில்லாம உக்காந்துக்கிட்டு இருந்திருக்கு, மொத நாளுல இருந்தே.

நான் முன்னால வந்து, மேடம், அது நம்ம டைப்பிஸ்ட்டு மாதிரின்னேன். “கூப்பிடுங்க”ன்னாவ. வந்தா. பன்னீர்ச் செம்போடயே வந்தா. கீழ வைக்கச் சொல்ல யாருக்கும் தோணலை. அந்தம்மா கேக்கக் கேக்க இவ சொல்லுதா. எதை எடுத்தா, எதை எடுக்கலை, ஏன் எடுக்கலை. முப்பது நிமிசம் இருக்கும். சொல்லுற வேகத்துல கை ஆடுது, தாளாளர் வேட்டியில பன்னீர் தெளிக்குது. மனுசன் நகராம நிக்காரு. எனக்கும் நாலு சொட்டு விழுந்துச்சு. நான் ஒரு தடவை, அதை எடுன்னு நான்தான் சொன்னேன்னு நடுவுல சேத்தேன். அந்தம்மா திரும்பி, “எதை?”ன்னு கேட்டாவ. நான் சட்டையில விழுந்த பன்னீரைத் துடைச்சுக்கிட்டேன்.

என்ன நடக்கும்? இடம் ஜெர்லினுக்குன்னு தாளாளர் சபையில சொல்லிட்டாரு. வீட்டுக்கு வந்து புதுச் சட்டையைக் கழத்திப் போட்டுட்டு அப்படியே உக்காந்திருந்தேன். அழுதேன்னு வச்சுக்கிடுங்க. எம் பொண்டாட்டி பாக்கலை. பாத்தா, ஆனா பாக்காத மாதிரி இட்லிக்கு ஊத்துனா.

ஆனா விதின்னு ஒண்ணு இருக்குல்லா. பதினைஞ்சு நாள்ல அந்த மேடம் காலேஜ்லயே ஜெர்லினை வேலைக்குக் கூப்பிட்டுட்டாவ. அது சொந்த ஊருக்குப் பக்கம். போயிட்டா. போகும்போது ஒரு நோட்டுல எல்லாத்தையும் வரிசையா எழுதிக் கொடுத்துட்டுப் போனா. எப்படிக் கட்டணும், என்ன செய்யணும்னு. அந்த நோட்டு நல்ல கனம். ஸ்டெபிலைசர் ஆடுச்சு, அதுக்கு அடியில அண்டை கொடுத்து வச்சேன்.

இடம் எனக்கு வந்துச்சு. மிச்சம் விழுந்த இடம்தான், இருக்கட்டும், நிரந்தரம் நிரந்தரம்தான. ஆர்டர் அடிச்சுத் தாளாளர் டிராயர்ல இருக்கு. கையெழுத்துப் போட்டாச்சு, தேதி போடலை. “திங்கக்கிழமை போர்டு செய்முறைத் தேர்வு, லேப்பு நல்லபடியா ஓடட்டும், செவ்வாய்க்கிழமை வாங்கிக்க”ன்னாரு. இன்னைக்கு சனி.

முந்தாநேத்து ஒரு யோசனை தோணுச்சு. நான் பேருக்கு அலையுற ஆளு இல்ல. ஆனா எட்டு வருசம் அண்ணாச்சி. அந்த அட்டையில எறும்பு மாதிரிக் கிடக்கிற பேரை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, பெரிய ஸ்கிரீன்ல பாத்தா என்னன்னு. ஆறுமுகநயினார். திருகூட வைக்கலை, நல்லாக் கவனிச்சுக்கிடுங்க. புதுசா எடுத்து, பேரைப் போட்டு, நானே கட்டினேன். நெட்டு வழியா நாப்பது மெஷினுக்கும் ஒரே நேரத்துல அனுப்பினேன். அப்பதான் ஒண்ணு உறைச்சுச்சு. மெஷின் எந்திரிக்கும்போது எந்தக் கெர்னல் வேணும்னு ஒரு பட்டியல் காட்டும். அதுல என் பேரு மேல, தாளாளர் பேரும் செயலாளர் பேரும் அதுக்குக் கீழ. என் பேருக்குக் கீழ அவிய நிக்கலாமா? அது மரியாதையா? அதனால பழசு எல்லாத்தையும், நாப்பது மெஷின்லயும், மிச்சம் வைக்காம அழிச்சுட்டேன். மரியாதைக்குத்தான் அழிச்சேன்.

அணைச்சுப் போட்டேன். நாப்பது ஸ்கிரீன்ல ஆறுமுகநயினார். கண்ணு நிறைஞ்சு போச்சு. நாற்காலியை நடுவுல போட்டு உக்காந்து சுத்தும்முத்தும் பாத்தேன். பிறகு மவுசைத் தொட்டேன்.

அசையலை. நெட்டும் இல்ல. பழைய கெர்னலும் இல்ல. அந்த ரூம்பு சமாச்சாரம் அண்ணாச்சி, புதுப் பேருல அதைக் கட்டலை. பதினேழு தடவை சொன்னா அந்தப் புள்ள.

நேத்து காலைல அதுக்குப் போன் பண்ணேன். எல்லாத்தையும் கேட்டா. கேட்டுட்டு, “அண்ணே, அந்த முழு வரியை வாசிங்க”ன்னா. வாசிச்சேன். அடைப்புக்குறிக்குள்ள என் பேரு இருந்துச்சு. யாரும் வைக்காம அதுவே எழுதியிருக்கு. கடைசியில ஒண்ணுன்னு நம்பர். எனக்கு ஒண்ணு, அந்தப் புள்ளைக்குப் பதினேழு, பாத்துக்கிடுங்க. “இப்ப உங்க பேரு வந்திருச்சுல்லா அண்ணே”ன்னா. கேலி பண்ணுதாளோன்னு பாத்தேன், கேலி இல்ல. “மெஷின் எந்திரிக்கவாவது செஞ்சுதே. எனக்கு மொத அஞ்சு தடவை எந்திரிக்கவே இல்ல”ன்னா. அப்படி ஒண்ணு நடந்ததே எனக்குத் தெரியாது. நான் பக்கத்துலதான் நின்னேன். அந்த வாரம் கேன்டீன்ல புதுசா வடை போட ஆரம்பிச்சிருந்தாவ, ஒருவேளை அப்ப நடந்திருக்கும்.

போனை வச்ச பிறகு ஒண்ணு தோணுச்சு. சொல்லுதேன், யாருகிட்டயும் சொல்லாதீங்க. அத்தனை பேரு ஒட்டிப் பாத்தோம்லா. தாளாளர் கேட்டாரு, செயலாளர் கேட்டாரு. உன் பேரை வைப்போமான்னு அந்தப் புள்ளகிட்ட ஒருத்தரும் கேக்கலை. நானும் கேக்கலை. ஒரு மாதிரி இருந்துச்சு. அதான் மக்ரூன்.

ஆரல்வாய்மொழி வந்தாச்சா? காத்தைப் பாத்தாத் தெரியுது. டப்பாவைப் பிடிச்சுக்கிடுங்க.

வரச் சொல்லியிருக்கா. ஒரு மெஷினைத் தூக்கிட்டு வாங்க அண்ணே, அதுல சரி பண்ணிட்டா மத்ததுக்குப் பென்டிரைவ்ல கொண்டுபோயிரலாம்னா. ஆனா ஒரு கண்டிசன் போட்டிருக்கா பாருங்க. அந்தப் புள்ள மெஷினைத் தொடாதாம். நான்தான் உக்காந்து டைப் அடிக்கணுமாம். “நான் பக்கத்துல நின்னு சொல்லுதேன் அண்ணே, அதை எடுங்க, இதை எடுங்கன்னு, நீங்க அடிங்க”ங்கா.

எனக்கு ராத்திரி பூரா ஒரே யோசனை. நீங்க படிச்சவரு, நியாயத்தைச் சொல்லுங்க அண்ணாச்சி. அந்தப் புள்ள சும்மா பக்கத்துல நின்னு சொல்லத்தான போவுது. அம்புட்டு எழுத்தையும் உக்காந்து அடிக்கப் போறது நான். அப்ப அந்தக் கெர்னலைக் கட்டுனது நான்தான?